‘கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும்’: ஒரு லத்தீன் வாசகமும் அது செய்த வேலையும்

2024 மே மாதம் மார்க் ஸக்கர்பெர்க் தன் 40வது பிறந்தநாள் படங்களை வெளியிட்டார். அவர் போட்டிருந்த கறுப்பு டி-ஷர்ட்டில் மூன்று லத்தீன் சொற்கள் இருந்தன: கார்த்தாகோ டெலெண்டா எஸ்ட். ‘கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும்’ என்பது பொருள். அவருக்கு இது புதிய மோகம் இல்லை. 2011இல் ஃபேஸ்புக்குக்குப் போட்டியாகக் கூகுள் பிளஸ் அறிமுகமானபோது ஊழியர்களிடம் பேசிய ஸக்கர்பெர்க் இதே வாசகத்தைச் சொன்னார் என்றும், அலுவலகச் சுவர்களில் அது சுவரொட்டியாக ஒட்டப்பட்டது என்றும் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

போட்டி நிறுவனத்தை வீழ்த்தும் சூளுரையாக இன்று இது பயன்படுகிறது. சமூக ஊடகத்திலும், பிடிக்காத எதன் பெயரையாவது முன்னால் போட்டு ‘டெலெண்டா எஸ்ட்’ என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்த வாசகத்தின் முடிவில் ஒரு நகரம் உண்மையிலேயே எரிந்தது. மிஞ்சிய மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அது எப்படி நடந்தது என்று தெரியாமல் வாசகத்தின் பொருளை மட்டும் தெரிந்துகொள்வதில் பெரிய பயன் இல்லை.

யார் சொன்னது, எப்படிச் சொன்னது

சொன்னவர் மார்க்கஸ் போர்சியஸ் கேட்டோ. கி.மு. 234இல் ரோமுக்கு அருகிலுள்ள டஸ்குலத்தில் பிறந்தவர். ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் பதவியை கி.மு. 195இலும், குடிமக்கள் பட்டியலையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் சென்சார் பதவியை கி.மு. 184இலும் வகித்தார். இளமையில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலுக்கு எதிரான போரில் களத்தில் நின்றவர். அவர் எழுதிய வேளாண்மை நூல் இன்றும் கிடைக்கிறது.

வாழ்வின் கடைசிச் சில ஆண்டுகளில், ரோமின் மூத்தோர் அவையான செனட்டில் எந்த விஷயம் பற்றிக் கருத்துக் கேட்டாலும், பதில் சொல்லி முடித்துவிட்டு, ‘கார்த்தேஜ் இருக்கக்கூடாது என்பதும் என் கருத்து’ என்று சேர்த்துச் சொன்னார் என்று கேட்டோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய புளூட்டார்க் சொல்கிறார். புளூட்டார்க் எழுதியது கிரேக்கத்தில், கேட்டோ இறந்து ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்குப் பிறகு. ரோமானிய எழுத்தாளர்களான பிளினியும் ஃபுளோரஸும் இதே செய்தியை லத்தீனில் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் தருவது ‘கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும் என்று சொன்னார்’ என்ற சாரத்தை மட்டுமே. இன்று பாடநூல்களில் வரும் ‘கேட்டெரும் கென்சியோ’ என்று தொடங்கும் நீண்ட வடிவமும் சரி, டி-ஷர்ட்டில் உள்ள மூன்று சொல் வடிவமும் சரி, பழைய நூல் எதிலும் கேட்டோவின் நேர்ச்சொற்களாக இல்லை. பிற்கால ஐரோப்பியர்கள் இந்தக் குறிப்புகளைக் கோத்து உருவாக்கியவை அவை. கருத்து கேட்டோவுடையது, வாக்கிய வடிவம் பின்னால் வந்தது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

அந்தப் பகைக்குப் பின்னால் இருந்த 50 ஆண்டுகள்

கார்த்தேஜ் இன்றைய துனிசியாவில், தூனிஸ் நகரை ஒட்டிய கடற்கரையில் இருந்தது. பினீசியர்கள் நிறுவிய வணிக நகரம். ரோமானியர்கள் அவர்களைப் ‘பூனி’ என்று அழைத்ததால் இரு நகரங்களுக்கும் இடையே நடந்த மூன்று போர்களுக்கும் பியூனிக் போர்கள் என்று பெயர்.

நம் விஷயத்துக்கு முக்கியமானது இரண்டாம் போர் (கி.மு. 218-201). ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் புகுந்து, கி.மு. 216இல் கன்னே என்ற இடத்தில் ரோமின் மிகப் பெரிய படையை நசுக்கினார். கி.மு. 202இல் ஜாமாவில் அவரே தோற்ற பிறகு, கார்த்தேஜ் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையின் முக்கிய விதிகள் இவை:

1. 10,000 தாலந்து வெள்ளியை 50 ஆண்டுத் தவணையில் ரோமுக்குத் தர வேண்டும். ஒரு தாலந்து சுமார் 26 கிலோ.
2. பத்துப் போர்க்கப்பல்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும், போர் யானைகள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும்.
3. ஆப்பிரிக்காவுக்கு வெளியே போர் செய்யவே கூடாது. ஆப்பிரிக்காவுக்குள்ளும் ரோமின் அனுமதி இல்லாமல் கூடாது.

பின்னால் கழுத்தை இறுக்கியது மூன்றாவது விதிதான். கார்த்தேஜுக்குப் பக்கத்து நாடான நுமிடியாவின் அரசர் மாசினிசா ரோமின் நண்பர். அவர் கார்த்தேஜின் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டே வந்தார். கார்த்தேஜ் திருப்பி அடிக்க முடியாது, ரோமிடம் முறையிடத்தான் முடியும். ரோம் அனுப்பிய நடுவர்கள் பெரும்பாலும் மாசினிசாவின் பக்கமே சாய்ந்தார்கள்.

இவ்வளவுக்கும் கார்த்தேஜ் வளர்ந்தது. கி.மு. 191இலேயே மீதித் தவணை முழுவதையும் ஒரே தடவையில் கட்டிவிட முன்வந்தது. ரோம் மறுத்துவிட்டது. பணம் முக்கியமில்லை, கடன்பட்ட நிலை நீடிப்பதுதான் முக்கியம் என்று ரோம் நினைத்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. கி.மு. 151இல் கடைசித் தவணையும் கட்டி முடிந்தது.

அதற்குச் சற்று முன், ஏறத்தாழ கி.மு. 153இல், நிலத் தகராறை விசாரிக்கப் போன தூதுக்குழுவில் கேட்டோவும் இருந்தார். வயது 80ஐத் தாண்டியிருந்தது. நொடிந்து கிடக்கும் நகரத்தைப் பார்ப்போம் என்று போனவர் கண்டது நிறைய மக்களும் செல்வமும் நிறைந்த ஊரை. படைக்கலன்களும் போருக்கான பொருள்களும் குவிந்து கிடந்தன என்று புளூட்டார்க் சொல்கிறார். இதை வெறும் கிழவரின் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. கார்த்தேஜில் அகழ்ந்து பார்க்கப்பட்ட வட்ட வடிவப் போர்த் துறைமுகம் அதன் இறுதி வடிவத்தைப் பெற்றது கி.மு. 2ஆம் நூற்றாண்டில்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதில் 220 கப்பல்களுக்கு இடம் இருந்ததாகப் பழைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். பத்துக் கப்பல் மட்டும் வைத்துக்கொள்ள உரிமையுள்ள நகரத்துக்கு அது மிகப் பெரியது.

செனட்டில் இது எப்படிச் சாத்தியமானது

சாலை பற்றியோ வரி பற்றியோ பேசும்போது ஒருவர் கார்த்தேஜைப் பற்றிப் பேசினால் யாரும் தடுக்க மாட்டார்களா? தடுக்க முடியாது. செனட்டின் நடைமுறை அப்படி.

1. கூட்டத்தை நடத்தும் கான்சல் விஷயத்தை முன்வைப்பார். பிறகு பதவி மூப்புப்படி ஒவ்வொருவராக அழைத்துக் கருத்துக் கேட்பார்.
2. முன்னாள் சென்சார்களும் கான்சல்களும் முதலில் அழைக்கப்படுவார்கள். அதனால் கேட்டோ போன்றவர் பேசும்போது அவை முழுக் கவனத்தோடு இருக்கும்.
3. எழுந்து நின்றவர், கேட்ட விஷயத்தைத் தாண்டித் தான் விரும்பிய எதைப் பற்றியும், விரும்பிய நேரம் வரை பேசலாம். அது செனட்டரின் உரிமை.

கேட்டோ இந்த மூன்றாவது உரிமையை வைத்துத்தான் வேலை செய்தார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்றைத் தினமும் நிரலில் ஏற்றினார். ‘கார்த்தேஜை என்ன செய்யலாம்’ என்று அவை ஒருநாள் உட்கார்ந்து யோசித்திருந்தால் பல விடைகள் வந்திருக்கும்: கண்காணிக்கலாம், புது உடன்படிக்கை போடலாம், மாசினிசாவைக் கட்டுப்படுத்தலாம். கேட்டோ கேள்வியை எழுப்பவே இல்லை. விடையை மட்டும் திரும்பத் திரும்ப வைத்தார். எதிர்த்தவர்களும் அந்த விடையை மறுப்பதிலேயே நேரத்தைச் செலவிட வேண்டியதாயிற்று.

வாக்கியத்தின் அமைப்பும் இதற்கு உதவியது. அதில் ‘இப்படிச் செய்தால்’ என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. ‘கப்பல் கட்டினால் அழிப்போம்’ என்றிருந்தால் கார்த்தேஜ் கப்பல் கட்டாமல் தப்பிக்கலாம். ‘அழிக்கப்பட வேண்டும்’ என்பதற்கு என்ன செய்து ஈடுகட்டுவது? அந்த நகரம் இருப்பதே குற்றமாகிவிடுகிறது. இந்த வாசகத்தைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். அடுத்து நடந்த ஒவ்வொன்றிலும் இதைப் பார்க்கலாம்.

அத்திப்பழக் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். செனட்டில் தன் மேலங்கியை உதறும்போது ஆப்பிரிக்க அத்திப்பழங்களைக் கீழே விழவைத்து, எல்லாரும் அதன் அளவையும் அழகையும் வியக்கும்போது, ‘இது விளைந்த மண் இங்கிருந்து மூன்று நாள் கடல் தூரம்தான்’ என்றாராம். பிளினி சொல்லும் வடிவத்தில், அந்தப் பழம் கார்த்தேஜில் பறித்து மூன்றே நாள் ஆகியிருந்தது. உண்மையில் அது அங்கிருந்து வந்ததா என்ற சந்தேகம் நியாயமானது. கேட்டோவின் வேளாண்மை நூலே இத்தாலியில் நடுவதற்கு ஏற்ற அத்தி வகைகளில் ஆப்பிரிக்க அத்தியைச் சேர்க்கிறது. அவர் தோட்டத்துப் பழமாகவே இருந்திருக்கலாம். எப்படியிருந்தாலும் அவைக்கு அது புரிந்துவிட்டது: எதிரி பக்கத்து வீட்டில் இருக்கிறான்.

எதிர்த்து நின்ற குரல்

கேட்டோவுக்கு எதிராக நின்றவர் பப்ளியஸ் கொர்னேலியஸ் ஸ்கிப்பியோ நாசிகா. இருமுறை கான்சலாக இருந்தவர், ஹன்னிபாலை வென்ற ஸ்கிப்பியோவின் மருமகன். அவரும் தன் ஒவ்வொரு பேச்சையும் ‘கார்த்தேஜ் இருக்க வேண்டும் என்பது என் கருத்து’ என்று முடித்தார் என்கிறார் புளூட்டார்க்.

நாசிகாவின் வாதம் கருணையிலிருந்து பிறந்ததல்ல. ரோமானிய மக்கள் வெற்றிச் செருக்கில் செனட்டுக்கே அடங்காமல் போகிறார்கள், கார்த்தேஜ் பற்றிய பயம் ஒன்றுதான் அவர்களுக்குக் கடிவாளம் என்றார். ரோமை வெல்லும் அளவுக்கு வலுவில்லாத, ஆனால் அலட்சியப்படுத்தவும் முடியாத எதிரி ஒன்று இருப்பது நாட்டுக்கு நல்லது என்பது அவர் கணக்கு. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் சலுஸ்ட், கார்த்தேஜ் அழிந்த பிறகே ரோமில் பேராசையும் உட்பகையும் தலைவிரித்தாடத் தொடங்கின என்று எழுதியபோது நாசிகாவின் வாதத்துக்கு இன்னும் வலு கூடியது.

ஆனாலும் நாசிகா தோற்றார். கேட்டோ சொன்னதை மறுக்க அவரும் கேட்டோவின் பாணியையே எடுத்துக்கொண்டார். இருக்கட்டுமா, அழியட்டுமா என்ற இரண்டே விடைகளாக விவாதம் சுருங்கிப் போனதில் அவருக்கும் பங்கு உண்டு. இடைப்பட்ட வழிகளைப் பேச ஆள் இல்லாமல் போயிற்று.

கோரிக்கைகள் வந்த வரிசை

கி.மு. 151-150இல் மாசினிசாவின் தொல்லை தாங்காமல் கார்த்தேஜ் படை திரட்டி மோதியது. தோற்றது. ரோமின் அனுமதி இல்லாமல் போர் செய்ததால் உடன்படிக்கையும் முறிந்தது. ரோம் இப்படி ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்தது என்று, அந்தக் காலத்திலேயே வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார்: முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது, வெளிநாட்டார் ஏற்கும்படியான காரணம்தான் தேவைப்பட்டது.

பயந்துபோன கார்த்தேஜ் தன் தளபதி ஹஸ்ட்ரூபாலுக்கு மரண தண்டனை விதித்துவிட்டு, ரோமுக்குத் தூதர்களை அனுப்பியது. என்ன செய்தால் மன்னிப்பீர்கள் என்று தூதர்கள் கேட்டார்கள். ‘ரோமானிய மக்களைத் திருப்திப்படுத்துங்கள்’ என்று பதில் வந்தது. அந்தத் திருப்தி எது என்று இன்னொரு தடவை ஆளனுப்பிக் கேட்டார்கள். ‘அது கார்த்தேஜுக்கே நன்றாகத் தெரியும்’ என்று மட்டும் சொன்னார்கள். அப்பியன் பதிவுசெய்த இந்தப் பரிமாற்றத்தைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஈடு சொல்ல முடியாத கோரிக்கை நடைமுறைக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும்.

கி.மு. 149இல் கார்த்தேஜ் தன்னை முழுமையாக ரோமிடம் ஒப்படைத்தது. அப்புறம் வந்தவை இவை:

1. உயர்குடிக் குழந்தைகள் 300 பேரைப் பிணையாகத் தர வேண்டும். தந்தால் சுதந்திரமும் சட்டங்களும் நிலமும் கார்த்தேஜுக்கே இருக்கும் என்று வாக்குறுதி. குழந்தைகளைக் கப்பலேற்றி சிசிலிக்கு அனுப்பினார்கள்.
2. ரோமானியப் படை கார்த்தேஜுக்கு அருகிலுள்ள யூட்டிகாவில் வந்து இறங்கியது. எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொன்னது. இரண்டு லட்சம் பேருக்கான கவசங்களும் 2,000 கவண்பொறிகளும் வண்டி வண்டியாக வந்து சேர்ந்தன.
3. ஆயுதம் கைக்கு வந்த பிறகு கான்சல் சென்சோரினஸ் கடைசிக் கோரிக்கையைச் சொன்னார்: நகரத்தை விட்டு வெளியேறுங்கள், கடலிலிருந்து 80 ஸ்டேடியம், அதாவது சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே எங்கே வேண்டுமானாலும் குடியேறுங்கள், இந்த நகரத்தைத் தரைமட்டமாக்கப் போகிறோம்.

கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று தூதர்கள் கதறியபோது கிடைத்த விளக்கம், கார்த்தேஜ் என்று நாங்கள் சொன்னது உங்களைத்தான், இந்த மண்ணை இல்லை என்பது. கடல் வணிகத்தால் வாழ்ந்த மக்களைக் கடலைவிட்டுப் பிரிப்பது என்றால் அவர்களை வேறு முறையில் கொல்வது.

நகரம் மறுத்தது. ஆயுதம் இல்லாத ஊர், கோயில்களையே பட்டறைகளாக்கி, ஆணும் பெண்ணும் இரவு பகலாக வேலை செய்து, நாளுக்கு 100 கேடயங்களும் 300 வாள்களும் செய்தது. கவண்பொறிக் கயிறுகளுக்காகப் பெண்கள் தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்ட ஹஸ்ட்ரூபாலையே திரும்ப அழைத்துப் படைத்தலைமை கொடுத்தார்கள். முற்றுகை மூன்றாவது ஆண்டுவரை இழுத்தது. கேட்டோ அந்த முடிவைப் பார்க்கவில்லை. போர் தொடங்கிய கி.மு. 149இலேயே இறந்துவிட்டார்.

கி.மு. 146 வசந்தத்தில், ஹன்னிபாலை வென்ற ஸ்கிப்பியோவின் தத்துப் பேரனான ஸ்கிப்பியோ எமிலியானஸ் தலைமையில் ரோமானியர்கள் உள்ளே நுழைந்தார்கள். ஆறு நாள், பல மாடி வீடுகள் நெருங்கிய தெருக்களில் வீடு வீடாகச் சண்டை. நகரக் கோட்டையான பிர்சா குன்றில் ஒதுங்கியிருந்த 50,000 பேர் சரணடைந்து அடிமைகளானார்கள். எரியும் நகரத்தைப் பார்த்த ஸ்கிப்பியோ கண்ணீர் விட்டு, டிராயும் ஒருநாள் அழியும் என்ற ஹோமரின் வரிகளைச் சொன்னார். அருகில் நின்ற பொலிபியஸ் ஏன் என்று கேட்டபோது, தன் நாட்டுக்கும் இது நேரலாம் என்ற அச்சத்தைச் சொன்னார் என்பது பதிவு. அதே ஆண்டில் கிரேக்கத்தின் கொரிந்த் நகரையும் ரோம் அழித்தது.

மண்ணில் உப்பைத் தூவி உழுதார்கள் என்ற கதையை நம்ப வேண்டாம். பழைய ஆசிரியர் எவரும் அதைச் சொல்லவில்லை. நவீன காலத்தில்தான் நூல்களுக்குள் நுழைந்தது. அந்த இடத்தில் பின்னாளில் ரோமே புதிய கார்த்தேஜைக் கட்டியது. அது பேரரசின் மேற்குப் பகுதியின் பெரிய நகரங்களில் ஒன்றாகவும் ஆனது.

வாசகம்தான் காரணமா?

வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்கள் பல. ஹன்னிபால் காலத்துப் பயம் ஒன்று. தவணை முடிந்ததும் கார்த்தேஜ் மீதிருந்த பிடி தளர்ந்தது இன்னொன்று. கார்த்தேஜை மாசினிசா விழுங்கிவிட்டால் வட ஆப்பிரிக்காவில் புதிய வல்லரசு பிறக்கும் என்ற கவலையையும், தளபதிகளுக்கு வெற்றியும் கொள்ளையும் தேவைப்பட்டதையும் சொல்கிறார்கள். வணிகப் போட்டியை ஒரு காலத்தில் பெரிய காரணமாகச் சொன்னார்கள், இப்போது பலர் அதை ஏற்பதில்லை.

இவற்றில் எதையும் கேட்டோவின் வாக்கியம் உருவாக்கவில்லை. ஏற்கனவே இருந்த பயத்துக்கும் ஆசைக்கும் ஒரே ஒரு திசையை அது கொடுத்தது. அந்தக் காலத்து மக்கள் எல்லாரும் அதை ஏற்கவும் இல்லை. கிரேக்கர்களிடையே நாலு விதமான பேச்சு இருந்ததாகப் பொலிபியஸ் எழுதுகிறார். நெடுநாள் அச்சத்தை நீக்கியது அறிவுடைமை என்றார்கள் சிலர். ரோம் தன் பழைய நெறியைக் கைவிட்டு ஆதிக்க வெறிக்கு மாறிவிட்டது என்றார்கள் வேறு சிலர். நேருக்கு நேர் போரிடும் ரோம் ஏமாற்றில் இறங்கிவிட்டது என்ற குற்றச்சாட்டும், தன்னை ஒப்படைத்தவரை என்ன செய்யவும் ரோமுக்கு உரிமை உண்டு என்ற சட்ட வாதமும் எழுந்தன. 2,100 ஆண்டுகளுக்கும் மேலாகியும் விவாதம் இந்த நான்கைச் சுற்றியே நடக்கிறது.

பிற்காலத்தில் எடுத்தாண்டவர்கள்

1673இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, டச்சுக் குடியரசை மனதில் வைத்து இந்த வாசகத்தை முழங்கினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிரிட்டனைக் கார்த்தேஜ் என்றார்கள். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸிலிருந்து வானொலியில் பேசிய ழான் எரோல் பாக்கி தன் பேச்சுகளை ‘இங்கிலாந்து, கார்த்தேஜைப் போல, அழிக்கப்படும்’ என்று முடித்தார். போர் முடிந்ததும் நாஜிகளுக்குத் துணைபோன குற்றத்துக்காக 1945இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

நெதர்லாந்தில் நடந்தது வேறு வகை. 2006இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் நுழைந்த விலங்குகள் கட்சியின் தலைவர் மரியான் தீமே, எந்த விவாதமானாலும் தன் பேச்சை ‘மேலும், தொழிற்சாலைக் கால்நடை வளர்ப்புக்கு முடிவு வர வேண்டும் என்பது எங்கள் கருத்து’ என்று முடித்தார். 2019இல் அவர் விலகிய பிறகும் கட்சியினர் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். கேட்டோவின் உத்தி அப்படியே இருக்கிறது: நிரலில் இல்லாததை நிரலில் ஏற்றுவது, சலிக்காமல் திரும்பச் சொல்வது. இலக்குதான் வேறு. தீமே முடிவு கேட்டது ஒரு தொழில்முறைக்கு. கூண்டின் அளவை மாற்றும் சட்டம், மானியத்தை நிறுத்தும் சட்டம் என்று படிப்படியாக அதற்கு விடை தரலாம், அவையில் பேரம் பேசலாம், பாதி வழியில் உடன்படவும் செய்யலாம். கி.மு. 149இல் ரோமின் வாசலில் நின்று ‘என்ன செய்தால் போதும்’ என்று கேட்ட தூதர்களுக்கு அந்த வாய்ப்பு எதுவும் தரப்படவில்லை.